மலேகு பாணியில் திருவோட்டுக்காய் ஓவியம்: முதல் ஓட்டைத் தயார் செய்வது எப்படி?

கோஸ்டாரிக்காவின் வடக்கே குவாத்துசோ பகுதியில், மர்கரீத்தா, தோன்ஹீபே, எல் சோல் என்ற மூன்று ஊர்களில் மலேகு பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்கள் செதுக்கி வண்ணம் தீட்டும் ஓடு சுரைக்காய் ஓடு அல்ல. அடிமரத்திலும் கிளையிலும் ஒட்டினாற்போலக் காய்க்கும் ஒரு மரத்தின் காய் அது. நம்மூரில் அதைத் திருவோட்டு மரம் என்கிறோம்.

காய்: முற்றிய காயாகப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. பிஞ்சை எடுத்தால் காயும்போது சுருங்கி வாய் கோணிவிடும். முதல் முயற்சிக்கு 12 முதல் 15 செ.மீ. அகலம் போதும்.

அறுத்தலும் வேகவைத்தலும்: நடுவில் பென்சிலால் சுற்றுக்கோடு போட்டு, ஆக்சா பிளேடால் மெல்ல அறுங்கள். சதையைக் கரண்டியால் வழித்தெடுங்கள். வாயில் வைக்க வேண்டாம். பிறகு ஓட்டை அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். உள்ளே ஒட்டிய நாரும் வெளியே பச்சைத் தோலும் இளகும். சூட்டோடு கத்தி முனையால் இரண்டையும் சுரண்டிவிடுங்கள். உள்ளே நார் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும், வெளியே தோல் மிஞ்சினால் பெயிண்ட் உரியும்.

உலர்த்தல்: நிழலில் ஒரு வாரம். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் மட்டும் சீக்கிரம் இறுகி, விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். நன்றாகக் காய்ந்ததும் 120 எண் உப்புத்தாள், பிறகு 220. தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை வரைவது? மலேகு மரபில் தெய்வங்கள் ஆறுகளின் ஊற்றுமுகங்களில் உறைகின்றன. அந்த மழைக்காட்டு உயிர்களை வெறும் அலங்காரமாகப் பார்க்காதீர்கள். செங்கண் மரத்தவளை குளத்துக்கு மேலே தொங்கும் இலையில் முட்டையிடும். பொரிந்த தலைப்பிரட்டைகள் நேரே நீரில் விழும். மழை, இலை, நீர் மூன்றும் அந்த ஒரே உயிரில் இருக்கின்றன. ஜாகுவார் என்றால் வலிமை, தவளை என்றால் மழை என்று ஒரே வரியில் முடித்துவிடும் பட்டியல்களை நம்ப வேண்டாம். செய்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

தவளைக்குக் கண்ணின் பாவை நெட்டுக்குத்தாக இருக்கும், வட்டமாகப் போட்டால் வேறு தவளையாகிவிடும். விலாவில் நீலத்தின் மேல் மஞ்சள் பட்டைகள், விரல்கள் ஆரஞ்சு.

செதுக்கலும் வண்ணமும்: பென்சில் கோட்டின் மேல் சிறிய 'வி' வடிவ உளியால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் கீறுங்கள். ஒரே இழுப்பில் ஆழம் தேடினால் உளி வழுக்கிக் கையைக் கிழிக்கும். இரண்டு மூன்று முறை லேசாக ஓட்டுங்கள். ஓட்டைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கட்டும். அக்ரிலிக் வண்ணத்தை மெல்லியதாக இரண்டு பூச்சு பூசுங்கள். முதல் பூச்சு காயாமல் அடுத்ததைப் போட்டால் கீறல் அடைபட்டு உருவம் மங்கிவிடும். கடைசியில் வெளிப்புறம் மட்டும் பளபளப்பில்லாத வார்னிஷ்.

நீங்கள் செய்ததை 'மலேகு கைவினை' என்று விற்காதீர்கள். அந்தப் பெயர் அந்த மூன்று ஊர்க்காரர்களின் பிழைப்பு.

வண்ணம் பூசிய ஓட்டில் உணவோ தண்ணீரோ வைக்காமல், காய்ந்த துணியால் மட்டும் துடைத்து வையுங்கள்.