சராசரியை ஒப்பிடுமுன்: இளையோரின் அடையாள உருவாக்கத்தை அளப்பதில் நேரும் தவறுகள்

உளவியலாளர் எரிக் எரிக்சன் விளக்கிய அடையாள நெருக்கடியை, அதாவது "நான் யார்" என்ற கேள்வியோடு இளையோர் போராடும் நிலையை, உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் நேர்காணல் வழியே அளக்கத்தக்கதாக்கினார். தொழில், சமயம், அரசியல் ஆகியவற்றில் ஒருவர் பல வழிகளைத் தேடிப் பார்த்தாரா, ஒன்றை உறுதியாகப் பற்றிக்கொண்டாரா என்பவையே அவர் கேட்டறிந்தவை. பதில் அளித்தவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், அனைவரும் ஆண்கள். பெல்ஜியத்தில் உளவியலாளர் லாய்க்ஸ் குழுவினர் 2008இல் வெளியிட்ட, எந்த அளவுக்கு உடன்படுகிறோம் என்று குறிக்க வேண்டிய 25 கூற்றுகள் கொண்ட அளவுகோலும் இந்த மரபில் வந்ததே.

இத்தகைய அளவுகோலை இரண்டு நாடுகளில் கொடுத்து, சராசரிகளை உடனே ஒப்பிட்டுவிடுவதுதான் பெருந்தவறு. கூற்றுகள் இரு இடங்களிலும் ஒரே காரணிகளாக (ஒரே பண்பை அளக்கும் தொகுதிகளாக) திரள்கின்றனவா, காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கூற்றும் தன் காரணியோடு கொண்ட தொடர்பின் வலிமை) சமமா, வெட்டுத்துண்டுகளும் (அந்தப் பண்பு ஒரே அளவில் இருப்பவர்கள் ஒரு கூற்றுக்கு அளிக்கும் மதிப்பெண்ணின் தொடக்க நிலை) சமமா என்று படிப்படியாகச் சோதிக்க வேண்டும். மூன்றாம் படி தேறாதபோது, ஒரு நாட்டு இளைஞர்கள் உறுதியில் குறைந்தவர்கள் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை, ஏனெனில் அந்த வேறுபாடு நடுப்புள்ளியையே தேர்ந்தெடுக்கும் பழக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். பொருந்தாத கூற்றை ஓசையின்றி நீக்குவதும் தவறு. பண்பாடு எங்கே வேறுபடுகிறது என்பதை அந்தக் கூற்றே காட்டக்கூடும்.

மீள்மொழிபெயர்ப்பு, அதாவது மொழிபெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்கே பெயர்த்து ஒப்பிடுவது, சரியாக வந்தால் போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. பயனுள்ள தேடலையும், முடிவுக்கு வராமல் மனம் உழல்வதையும் லாய்க்ஸின் அளவுகோல் தனித்தனியே அளக்கிறது. தமிழில் "எதிர்காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன்" என்று எழுதினால், ஒருவர் அதைப் பொறுப்புணர்வாகவும் மற்றொருவர் மனக்கலக்கமாகவும் படிப்பார். மீள்மொழிபெயர்ப்பு இதைக் காட்டாது. சிலரை அமர்த்தி, கூற்றைப் படித்ததும் மனத்தில் எழுந்தது என்ன என்று கேட்டால்தான் தெரியும்.

தேடாமலே உறுதி கொண்டவர்களை மார்சியாவின் வகைப்பாடு தனி நிலையாக வைக்கிறது. அதை முதிர்ச்சியின்மை என்று எங்கும் படிப்பது எனக்கு ஏற்புடையதன்று. குடும்பத்தோடு கலந்து தொழிலைத் தேர்ந்த பெண், பெற்றோரின் விருப்பத்தைத் தானே எடைபோட்டு ஏற்றிருக்கலாம். அந்த எடைபோடலைக் கேட்கும் கூற்று வினாநிரலில் இல்லையென்றால், குறை அவளிடம் இல்லை.

மாதிரியை எல்லா நாடுகளிலும் பல்கலைக்கழகத்திலேயே எடுப்பதும் வழக்கமாகிவிட்டது. உயர்கல்வி பரவலாக உள்ள நாட்டில் மாணவர் பெரும்பான்மையினர். அது அரிதான நாட்டில் அவர்கள் ஒரு சிறு வசதிபெற்ற பிரிவினர். ஆகவே பதினெட்டு வயதிலேயே வேலைக்குச் சென்றவர்களையும் மணமானவர்களையும் சேர்த்தெடுத்து, கல்வியையும் வாழ்நிலையையும் தனியே பதிவு செய்ய வேண்டும்.