கோதுமை சேராத வாழைப்பழப் பணியாரம்

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்கள் வீட்டில் இருந்தால் மைதா, ரவை, கோதுமை மாவு மூன்றுமே கூடாது. வாழைப்பழப் பணியாரத்துக்கு இவை தேவையும் இல்லை. மாவைப் பிடித்து வைக்கும் வேலையைப் பழமே பார்த்துக்கொள்ளும்.

ஒரு கப் பச்சரிசியை 3 மணி நேரம் ஊற வைத்து, தண்ணீரை நன்றாக வடித்து, முக்கால் கப் வெல்லத்தூளோடு அரையுங்கள். வெல்லம் இளகுவதால் தண்ணீர் அநேகமாகத் தேவைப்படாது. அப்புறம் நன்கு கனிந்த பூவன் பழம் 2, ஏலக்காய், சிட்டிகை உப்பு சேர்த்து ஒரு சுற்று. தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழம்தான் இதற்கு அருமை. இட்லி மாவு பதம் இருக்கட்டும். தேங்காய்த் துருவலும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கலந்து, பணியாரக் கல்லில் நெய் விட்டு, சிறு தீயில் சுடுங்கள். தீ கூடினால் வெல்லம் கருகும், உள்ளே வேகாது. திருப்பும்போது உடைந்தால் மாவு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்தால் சரியாகிவிடும்.

அந்த அரிசி மாவில் மட்டும் கவனம் வேண்டும். மில்லில் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரிசியையும் அரைத்தால் கோதுமை கலந்துவிடும். குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அந்தக் கொஞ்சமே தொந்தரவு தரும். அதனால் வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே நல்லது. மாவே வேண்டாம் என்றால் நேந்திரம் பழத்தை வட்டமாக நறுக்கி, நெய்யில் சிவக்க வாட்டி, தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் தூவிக் கொடுங்கள்.