கிடையும் வேண்டும், யூரியாவும் வேண்டும்: நெல்லுக்கு இரண்டையும் சேர்த்துப் போடும் முறை

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன நெல்லை மனதில் வைத்து எழுதுகிறேன். கணக்கெல்லாம் ஒரு ஏக்கருக்கு.

முதலில் மண் பரிசோதனை. அட்டையில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து 60:20:20 கிலோ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

அடுத்தது எரு. மக்கிய தொழுவுரம் 5 டன்னை நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பரப்பி உழுதுவிட வேண்டும். மக்கியதா என்று பார்க்கக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். சுட்டால் இன்னும் நாளாகவில்லை. ஒரு பிடி அள்ளி மோந்தால் சாண வாடை போய் மழை நனைத்த மண் வாசம் வர வேண்டும். ஒரு வருடம் அவசரப்பட்டு, வைக்கோல் துண்டு அப்படியே தெரிந்த எருவை அடித்தேன். நட்ட பயிர் மஞ்சளடித்து நின்றது. வைக்கோலை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தைத் தின்றுவிட்டு, மிச்சத்தைத்தான் பயிருக்கு விட்டன.

எரு இல்லையா? ஆடு மேய்க்கும் கீதாரியிடம் பேசி ஆட்டுக்கிடை போடுங்கள், அதாவது மந்தையை இரவில் வயலிலேயே அடைக்கச் சொல்லுங்கள். புழுக்கையோடு மூத்திரமும் விழும், வண்டிக்கூலியும் மிச்சம். கிடை எடுத்த கையோடு உழுதுவிடுங்கள். வெயிலில் கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

சரி, மூட்டைக் கணக்கு. எரு போட்டதற்காகத் தழைச்சத்தில் கால் பங்கு, அதாவது 15 கிலோ, கழிப்பது என் வழக்கம். மீதி 45. 50 கிலோ மூட்டை ஒன்று டிஏபியை (தழையும் மணியும் சேர்ந்த உரம்) அடியுரமாகப் போட்டால் அதிலேயே மணிச்சத்து 23 கிலோவும் தழைச்சத்து 9 கிலோவும் வந்துவிடும். பாக்கி 36 கிலோவுக்கு யூரியா 78 கிலோ போதும். 45 கிலோ மூட்டையில் ஒன்றே முக்கால். சாம்பல் சத்து 20 கிலோவுக்குப் பொட்டாஷ் உரம் 33 கிலோ: பாதி அடியில், பாதி கதிர் உருவாகும்போது. துத்தநாக சல்பேட் போடுவதானால் மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள், டிஏபியோடு சேர்க்காதீர்கள். அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரமும் அப்படித்தான், எருவில் கலக்கலாம், மூட்டை உரத்தில் கூடாது.

யூரியாவை மூன்றாகப் பிரித்து, தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது மேலுரமாகப் போடுங்கள். இலையில் பனி காய்ந்திருக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டுத் தூவி, மடையை அடைத்துவிடுங்கள். அதை மறந்தால் உங்கள் யூரியா கீழ்வயல்காரர் பயிருக்குத்தான்.