விண்மீன்கள் உப்பித் தெரிந்தால் முதலில் வாங்க வேண்டிய ஃபில்டர்

லென்ஸ் தொலைநோக்கியில் எடுக்கும் படங்களில் விண்மீன்கள் பஞ்சுருண்டை போல உப்பியிருந்தால், புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைக் கேமராவின் முன் திருகிப் பாருங்கள். புதுத் தொலைநோக்கி வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரைதான். வானியல் கேமராவின் சென்சாரோ அதற்கு அப்பாலும் பார்க்கும். லென்ஸால் அந்த ஒளியை அதே புள்ளியில் குவிக்க முடியாது. குவியாத மிச்சம்தான் விண்மீனைச் சுற்றி ஒளிவட்டமாகப் படிகிறது. ஃபில்டரை மாட்டியதும் ஃபோகஸை மறுபடி சரிசெய்யுங்கள். கண்ணாடியின் தடிமனால் குவியம் சற்று நகர்ந்திருக்கும், பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு இது வீண் செலவு. தடுப்பு உள்ளேயே இருக்கிறது. சில வானியல் கேமராக்களின் முகப்புக் கண்ணாடியும் அகச்சிவப்பைத் தடுக்கும், வாங்கும் முன் பார்த்துவிடுங்கள். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் லென்ஸுக்குப் பதில் இருக்கும் ஆடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில்தான் குவிக்கும். அங்கே நிறம் சீராகலாம், கூர்மை பெரிதாக மேம்படாது. நகர வெளிச்சத்தையும் இது குறைக்காது.