போர்க்காலப் புகைப்படங்களில் வீரர்களின் முகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய போர்ப் புகைப்படத்தைப் பார்த்ததும் கண் முகத்துக்குத்தான் போகும். அது இயல்பு. ஆனால் பார்த்த மாத்திரத்தில் "பாவம், எவ்வளவு துயரம்" என்று முடிவுகட்டுவது அந்த மனிதருக்கு நாம் செய்யும் அநியாயம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) படங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு படம் பதிய பல நொடிகள் ஆகும். அதுவரை தலை ஆடாமலிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி நிற்கும். காலணிகளுக்கு நடுவே உற்றுப் பாருங்கள், சில படங்களில் அதன் அடிப்பாகம் தெரியும். அப்படி நிற்கும்போது யார்தான் சிரிப்பார்? தவிர, படையில் சேர்ந்த கையோடு புதுச் சீருடையில் படம் எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். படத்திலிருப்பவர் அதுவரை போர்க்களத்தையே பார்த்திராதவராக இருக்கலாம்.

கண்ணின் நிறத்தையும் நம்பக் கூடாது. அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பை மிகக் குறைவாகவும் வாங்கிக்கொள்ளும். அதனால் நீலக் கண்கள் வெளிறிப்போய், ஏதோ வெறித்துப் பார்ப்பதுபோல் தெரியும். வெயிலில் சிவந்த தோல் கறுத்துவிடும்.

இடம் வலம் மாறுவது இன்னொரு சிக்கல். டின்டைப் எனும் இரும்புத் தகட்டுப் படங்கள் கண்ணாடி பிம்பம்போல் திரும்பியிருக்கும். இடது கன்னத்தில் தெரியும் தழும்பு உண்மையில் வலது கன்னத்தில் இருந்தது. இடுப்புவார் வில்லையில் எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

சரி, ஆளை அடையாளம் காண்பது? முகச்சாயலை மட்டும் வைத்துப் பெயர் சொல்லவே கூடாது. இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடியேற்றிய படத்தை உலகமே பார்த்தது. அதிலிருந்த ஆறு பேரின் பட்டியலை 1947, 2016, 2019 என மூன்று முறை திருத்த வேண்டியிருந்தது. முகங்கள் சரியாகத் தெரியாத அந்தப் படத்தில், தலைக்கவசத்திலிருந்து தொங்கிய வார் போன்ற சின்ன விவரங்கள்தான் வழிகாட்டின. முகம் பொருத்தும் மென்பொருளும் ஒரு துப்பு மட்டுமே தரும். படைப்பிரிவு, பதவிச் சின்னம், ஆவணம் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

கணினியில் வண்ணம் தீட்டிக் கூர்மையாக்கிய பிரதியை வைத்து ஆராயவே வேண்டாம். அந்தச் சுருக்கமும் கண்ணொளியும் மென்பொருள் தானாக வரைந்தவையாக இருக்கலாம்.

அப்புறம், பலர் மறந்துவிடுவது பின்பக்கம். அமெரிக்கப் படத்தின் பின்னால் வரி கட்டியதற்கு அடையாளமான முத்திரை வில்லை ஒட்டியிருந்தால், அது 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்கப்பட்ட படம்.