பில் மென்பொருளைச் சேவைகளாகப் பிரிப்பது எப்படி

புறக்கோட்டை மொத்தக் கடைக்கு எழுதும் பில் மென்பொருள் நாளை வெள்ளவத்தைப் புடவைக் கடைக்கும் உதவ வேண்டுமா? அதைச் சேவைகளாக, அதாவது தனித்தனியே இயங்கும் சிறு நிரல்களாகப் பிரியுங்கள். திரைகளை வைத்துப் பிரிக்காதீர்கள்; எது யாரால் மாறும் என்று பார்த்துப் பிரியுங்கள். வரியை மாற்றுவது அரசாங்கம், விலைக்கழிவை மாற்றுவது முதலாளி. இரண்டும் ஒரே சேவையில் இருக்கக் கூடாது.

வரிச் சேவை தொகையோடு திகதியையும் கேட்க வேண்டும். இலங்கையின் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1இல் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வீதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்தால், 2023 பில்லை மறுபடி அச்சிடும்போது கணக்குப் பிழைக்கும். காசைச் சதக் கணக்கில் முழு எண்ணாக அனுப்புங்கள்: 1,250.50 ரூபாய் என்றால் 125050.

கொடுப்பனவுச் சேவைதான் தலையிடி. பதில் தாமதித்தால் அழைத்த மென்பொருள் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பும், வாடிக்கையாளரின் காசு இருமுறை போகும். ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் அழைக்கும் மென்பொருளே ஒரு தனி எண் தரட்டும். அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே கொடுங்கள். எண் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுவது போதாது: ஒரே கணத்தில் வரும் இரண்டு கோரிக்கைகளும் உள்ளே நுழைந்துவிடும். தரவுத்தளத்திலேயே அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இருமுறை பதிவாகாமல் தடுப்பது) போடுங்கள்.

எஸ்எம்எஸ் எளிது. தொலைபேசி எண் 077, +9477 எப்படி வந்தாலும் ஒரே வடிவமாக்கி, அனுப்ப வேண்டியவற்றின் வரிசையில் போடுங்கள். பில் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.