லூட் பாக்ஸ் வாங்கும் முன் சதவீதத்தைப் பணமாக மாற்றிப் பார்ப்பது எப்படி?

"ஒரு சதவீதம்னு போட்டிருக்கு, அப்போ நூறு தடவை திறந்தா ஒண்ணு கண்டிப்பா விழும்." லூட் பாக்ஸ், அதாவது வீடியோ கேமில் உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டி, வாங்கும் பலரும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு தப்பு.

ஒரு டப்பாவில் நூறு துண்டுச் சீட்டு, ஒன்றில் மட்டும் பரிசு என்று வையுங்கள். எடுத்த சீட்டை வெளியிலேயே வைத்துவிட்டால் நூறாவது தடவைக்குள் பரிசு வந்தே தீரும். லூட் பாக்ஸில் எடுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் உள்ளே போட்டுக் குலுக்கிவிடுகிறார்கள். கால்குலேட்டரை சயின்டிஃபிக் மோடில் வைத்து, 0.99-ஐ 100-இன் அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள்: 0.366. அதாவது நூறு பெட்டி திறந்தும் வெறுங்கையோடு நிற்க 36.6% வாய்ப்பு இருக்கிறது.

மனக்கணக்காகவே போட ஒரு குறுக்குவழி உண்டு. 70-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால், பாதி வாய்ப்பு கிடைக்க எத்தனை பெட்டி வேண்டும் என்று வரும். 230-ஐ வகுத்தால் 90% வாய்ப்புக்கான எண்ணிக்கை. பட்ஜெட் போடும்போது இரண்டாவதை எடுங்கள். முதலாவதை நம்பி இறங்கினால் இரண்டில் ஒருவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார், அங்கேதான் "இன்னும் பத்து மட்டும்" என்று கை மறுபடி டாப்-அப்புக்குப் போகும்.

கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் லூட் பாக்ஸான 'கேஸை' எடுத்துக்கொள்வோம். வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017 மே மாதம் அமலுக்கு வந்தது. அதனால்தான் அந்த விளையாட்டின் எண்கள் அங்கே வெளியாயின: கத்தி, கையுறை வகைக்கு 0.26%, சாதாரண நீல ஸ்கின்னுக்கு (ஆயுதத்தின் மேல்தோற்றம்) 79.92%. ஒரு கேஸைத் திறக்கும் சாவி 2.49 டாலர். 230-ஐ 0.26-ஆல் வகுத்தால் சுமார் 885 சாவி, கிட்டத்தட்ட 2,200 டாலர். "0.26%" என்று படிக்கும்போது உறைக்காதது இந்தத் தொகையைப் பார்த்ததும் உறைக்கிறது. இந்த எண்ணை ஒரு நாட்டுச் சட்டம் வந்துதான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது என்பதே, வெளியிடுவதை எல்லா ஊரிலும் கட்டாயமாக்க வேண்டும் என்பதற்குப் போதுமான காரணம்.

இதிலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. 0.26% என்பது அந்த வகை முழுவதற்கும் சேர்த்து. உங்களுக்கு வேண்டியது ஒரு குறிப்பிட்ட கத்தி என்றால், அந்த வகையில் எத்தனை பொருள் இருக்கிறதோ அதற்கேற்ப வாய்ப்பு இன்னும் சிறுக்கும். அதனால் சதவீதத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி: இது பொருளுக்கா, வகைக்கா? "1%-க்கும் குறைவு" என்று மட்டும் போட்டிருந்தால் கணக்கே போட முடியாது. 0.9-க்கும் 0.01-க்கும் தொண்ணூறு மடங்கு வித்தியாசம்.

அடுத்தது 'பிட்டி', அதாவது இத்தனை தடவைக்குள் கட்டாயம் தருவோம் என்ற வரம்பு. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் மிக அரிதான ஐந்து நட்சத்திரக் கேரக்டருக்கு அடிப்படை வாய்ப்பு 0.6%, ஆனால் 90-வது தடவைக்குள் ஒன்று உறுதி. இரண்டையும் சேர்த்து 1.6% என்று அவர்களே போடுகிறார்கள். இங்கே 230 குறுக்குவழி வேண்டாம், மோசமான நிலையை நேரடியாகக் கணக்கிடுங்கள். முதலில் விழும் ஐந்து நட்சத்திரம் நீங்கள் கேட்ட கேரக்டராக இல்லாமல் போகலாம், அடுத்தது உறுதி. ஆக 180 தடவை, தடவைக்கு 160 ப்ரைமோஜெம் (விளையாட்டின் உள்நாணயம்), மொத்தம் 28,800. 99.99 டாலர் பேக்கில் வழக்கமான போனஸோடு 8,080 கிடைக்கும். மூன்றரைப் பேக்குக்குச் சற்று மேல் வேண்டும், ஆனால் பேக்கைப் பிரித்து விற்பதில்லை. அந்த அளவில் வாங்கினால் நான்கு, 400 டாலர். ஏற்கெனவே எத்தனை தடவை இழுத்திருக்கிறீர்கள் என்பதை ஹிஸ்டரியில் எண்ணிக் கழித்துக்கொள்ளலாம். கேரக்டர் பேனரின் (கேரக்டருக்கான குலுக்கலின்) எண்ணிக்கை அடுத்த கேரக்டர் பேனருக்குத் தொடரும், ஆயுத பேனருக்குப் போகாது. இது தெரியாமல் பேனர் மாறிப் பணம் போடுகிறவர்கள் நிறைய.

வெளியிட்ட எண்ணை அப்படியே நம்பலாமா? 2024 ஜனவரியில் தென் கொரியாவின் நியாய வணிக ஆணையம், மேப்பிள்ஸ்டோரி விளையாட்டில் வாய்ப்புகளைச் சொல்லாமல் மாற்றியதற்காக நெக்ஸான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. ஆட்டக்காரர்கள் ஆசைப்பட்ட சில திறன்கள் ஒன்றுசேர்ந்து விழும் வாய்ப்பு பூஜ்ஜியமாகவே வைக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு மார்ச் 22 முதல் அங்கே வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது சட்டப்படி கட்டாயம். வெளியிடச் சொல்வதோடு சரிபார்க்கவும் ஓர் அமைப்பு வேண்டும் என்பது இதனால்தான். உங்கள் அளவில், வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்டேட் வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சதவீதம் எங்கே இருக்கும்? ஆப்பிள் 2017 டிசம்பரிலிருந்தும் கூகுள் ப்ளே 2019-இலிருந்தும், வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. வாங்கும் திரையில் 'டீடெயில்ஸ்', 'ப்ராபபிலிட்டி', அல்லது சின்னக் கேள்விக்குறியைத் தட்டுங்கள். எங்கேயும் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். ப்ளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தட்டினால் புகார் செய்யும் வசதி வரும். எந்தத் திரையில் விகிதம் இல்லை என்பதைப் பெட்டியின் பெயரோடு எழுதி அனுப்புங்கள்.